சூளூர்பேட்டைக்குப் போன தொண்ணூற்று மூவாயிரம்

நல்ல தூக்கத்தின் விலை முப்பத்தொன்று புள்ளி இரண்டு சதவீதம். அரசாங்கமே வைத்த விலை, குறைத்துக் கேட்க வழியில்லை. பிட்காயின் விற்று வரும் லாபத்தில் முப்பது சதவீதம் வரி, அந்த வரியின் தலையில் நான்கு சதவீதம் செஸ். கட்டிவிட்டுப் படுத்தால் விடியும்வரை புரளாமல் தூங்கலாம். ஆதிகேசவனுக்கு இது பகல் கொள்ளையாகப் பட்டது. தூக்கம் என்பது மண்டியில் இரண்டு சாக்கை விரித்தால் சும்மா வருகிற சரக்கு. அதற்குப் போய் இருபத்தாறாயிரம் ரூபாயா?

நகரியில் பிறந்து, சித்தூரில் குடியிருந்து, பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி நடத்துபவன் அவன். தோட்டக்காரர்கள் காயைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஆதிகேசவன் அதை மாங்கூழ் ஃபேக்டரிக்கு விற்று, கமிஷனை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தோட்டக்காரர்களுக்குக் கொடுப்பான். அவனுடைய நைனா காலத்தில் மாட்டுச் சந்தையில் துண்டை மூடிக்கொண்டு, அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியாது, சந்தை வரி வசூலிப்பவனுக்கும் தெரியாது. எந்த அரசாங்கமும் அச்சடிக்காத, எந்த மேனேஜரும் கையெழுத்துப் போடாத காசு ஒன்று உலகத்தில் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டபோது ஆதிகேசவனுக்கு அந்தத் துண்டுதான் ஞாபகத்துக்கு வந்தது. உலகம் முழுவதையும் மூடுகிற அளவுக்குப் பெரிய துண்டு!

கொரோனா வந்த வருஷம், மண்டி பூட்டிக் கிடந்த சலிப்பில், ஏழாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு பிட்காயினில் நூறில் ஒரு பங்கை வாங்கிப் போட்டான். வாங்கியதை மறந்தும் போனான். இந்த ஜூன் மாதம் எதற்கோ பழைய ஆப்பைத் திறந்து பார்த்தால், அதே நூறில் ஒரு பங்கு தொண்ணூறாயிரம் ரூபாய் என்று சிரித்தது.

விற்பதற்கு இரண்டு வழி. அரசாங்கத்திடம் பதிந்த எக்ஸ்சேஞ்ச் ஒன்று. அது ஆதார் கேட்கும், பான் கேட்கும், முகத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்டச் சொல்லும், விற்ற மறுகணமே ஒரு சதவீதத்தைப் பிடித்து வருமான வரிக்காரர்களிடம் கோள் சொல்லிவிடும். இன்னொன்று, பேர் தெரியாதவர்கள் பேர் தெரியாதவர்களுக்கு விற்கும் ஒரு டெலிகிராம் குரூப். ஆதிகேசவன் இரண்டாவதில் போய், விலை தொண்ணூற்று மூவாயிரம் என்று போட்டான். மூவாயிரம் ஏற்றிவைத்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு இறங்க வேண்டியிருக்கும், ஐந்நூறு நிற்கும் என்பது அவன் கணக்கு. எதிர்முனையில் இருந்தவன் ‘ஓகே’ என்று ஒரு வார்த்தை அடித்தான். டீ ஆறுவதற்குள் பணம் பேங்குக் கணக்கில் விழுந்தது. ஆதிகேசவன் காயினைத் தள்ளிவிட்டான்.

மண்டிக் கணக்கு எழுதுகிற அவன் மனைவி ரேகா கேட்டாள்: “வாங்குனவன் பேரு இன்னா?”

“பேரு எதுக்குடி? பேரே இல்லாத காசு அது.”

“காசுக்குப் பேரு வாணாம் சரி. ஆளுக்குமா வாணாம்?”

“உனக்கு வியாபாரம் தெரியாது.”

“தெரியாதவ எழுதுன கணக்கைத்தான் நீங்க இருபது வருசமா துன்னுக்கினு இருக்கீங்க.”

ஆனி மாதக் கடைசியில் ஃபேக்டரியிலிருந்து பதினான்கு லட்சம் வந்தது. அந்த மண்டியில் ஒரு வழக்கம் உண்டு: ஆடி பிறப்பதற்குள் தோட்டக்காரர் அத்தனை பேருக்கும் பட்டுவாடா முடிந்துவிட வேண்டும். முடிக்காத மண்டியின் பக்கம் அடுத்த வருஷம் ஒரு டிராக்டரும் திரும்பாது. இருபது தோட்டக்காரர்களின் பேரை எழுதிக்கொண்டு ஆதிகேசவன் பேங்குக்குப் போனான். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், ஆதிகேசவனைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“உங்க கணக்கை சைபர் போலீஸ் நிறுத்தி வெச்சிருக்காங்க. பணம் உள்ள வரலாம், வெளிய போகாது.”

“மாமியார் வூட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரியா சார்?”

மேனேஜர் சிரிக்கவில்லை. “போன மாசம் வந்த தொண்ணூத்தி மூவாயிரம் யார் பணம்?”

பேர் இல்லாத காசுக்கு அப்போதுதான் பேர் கேட்டார்கள்.

மறுநாள் காலையில் மண்டி திறக்கும்போதே நாகபூஷணம் வந்து உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு ஏக்கர் தோத்தாபுரி மாந்தோட்டம், ஆதிகேசவனுக்கு அவரே பெரிய பார்ட்டி. அவர் பக்கத்து மண்டிக்குப் போனால் பின்னாலேயே பத்துப் பேர் போவார்கள்.

“இன்னா ஆதிகேசவா, இன்னும் வரலியா?”

“வந்துடும் மாமா. பேங்குல சின்ன சிக்கல். ரெண்டே நாளு.”

“நான் டீயைக் கேட்டேன்ப்பா.”

அதற்கு அடுத்த நாளும் வந்தார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மழையைப் பற்றிப் பேசினார், மருமகள் பிரசவத்தைப் பற்றிப் பேசினார், பக்கத்து மண்டியில் புதிதாக வாங்கிய எடை மெஷினைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிப் பேசினார். கடன்காரன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால்கூட ஆதிகேசவனுக்கு இத்தனை வேர்த்திருக்காது. அன்று அவன் சாக்கை விரித்துப் படுத்துப் பார்த்தான். சும்மா வருகிற சரக்கு வரவில்லை.

கணக்கை நிறுத்தச் சொன்ன திருப்பதி சைபர் போலீஸ் ஸ்டேஷனில் பிரீத்தி என்கிற சப்-இன்ஸ்பெக்டர் இருந்தார். நகரியில் மூன்று வருஷம் வேலை பார்த்தவர் என்பதால் தமிழ் வரும். கோபம் வந்தால் மட்டும் தெலுங்குக்குப் போய்விடுவார்.

“உட்காருங்க ஆதிகேசவன். சூளூர்பேட்டை ஜமீலான்னு ஒரு அம்மா. ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல துணிக்கடை. உன் பேர்ல வந்த பார்சல்ல போதை மருந்து இருக்குது, அரெஸ்ட் பண்ணப் போறோம்னு வீடியோ கால்ல மிரட்டி, தொண்ணூத்தி மூவாயிரம் புடுங்கிட்டாங்க. அது ஒரு கணக்குக்குப் போச்சு, அங்கருந்து இன்னொண்ணு, அங்கருந்து உங்களுது.”

“மேடம், நான் சரக்கு குடுத்துட்டுத்தான் பணம் வாங்கினேன்.”

“என்ன சரக்கு?”

“காயின்.”

“பில்லு?”

“அதுக்கு பில்லு கிடையாது மேடம். அதான் அதோட அழகே.”

“வரி கட்டினீங்களா?”

ஆதிகேசவன் மேலே சுழலும் ஃபேனைப் பார்த்தான். ஃபேன் உதவிக்கு வரவில்லை.

“ஏமண்டி! பேரு கேக்கல, பில்லு போடல, வரி கட்டல, இப்ப போலீஸ் மட்டும் வேணுமா?” என்றார் பிரீத்தி. பிறகு அவன் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கினார். “உங்க காயின் எந்த வாலட்டுக்குப் போச்சுன்னு நானும் பாக்கலாம், நீங்களும் பாக்கலாம், ஊரே பாக்கலாம். அந்த வாலட் யாரோடதுன்னுதான் தெரியாது. ரூபாய் அப்படியில்ல. அது மூணு கை மாறினாலும் நான் நாலாவது கையைப் பிடிச்சிட்டேன் பாருங்க.”

பிடிபட்ட கை மடியில் கிடந்தது. ஆதிகேசவனுக்கு ஒரு சந்தேகம், எந்த நிலையிலும் வியாபாரிக்கு வருகிற சந்தேகம். “இவ்ளோ தொல்லை குடுக்கற காயினை ஒரேயடியா நிறுத்திடுவாங்களா மேடம்?”

“நிறுத்தறதா இருந்தா இப்படி வரி போட்டு வெப்பாங்களா? ஆறு அதுபாட்டுக்கு ஓடட்டும், மதகு நம்ம கையில இருந்தா போதும்னு நினைக்கறாங்க. காயினைக் காயினா வெச்சுக்கறவரைக்கும் நீங்க ராஜா. அதை அரிசியாவோ ஆட்டோவாவோ மாத்தணும்னா மதகு வழியா வந்தே ஆகணும். இதுக்கு நடுவுல ரிசர்வ் பேங்க்கே போன்ல டிஜிட்டல் ரூபாய் விட்டிருக்கு.”

“அது இன்னும் பயம் மேடம். எது வாங்கினாலும் எவனோ ஒருத்தன் பாத்துக்கினு இருப்பான்.”

“எனக்கும் அந்த பயம் இருக்கு. என் புருஷன் பாக்காம இருந்தா சரி.” பிரீத்தி ஃபைலை மூடினார். “ரெண்டு வழி. கோர்ட்டுல தீர்ப்பு வாங்கிட்டு வாங்க, தசரா தாண்டிடும். இல்லாட்டி அந்தம்மா, என் பணத்துக்கு ஏற்பாடு ஆயிடுச்சு, இவர் கணக்கை விடுவிக்கலாம்னு கையெழுத்துப் போடட்டும். அன்னைக்கே பேங்குக்கு எழுதறேன்.”

காளஹஸ்தி வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆதிகேசவன் கணக்குப் போட்டான். தன் காயினும் போய், பணமும் போவது அநியாயம். பாதிக்குப் பாதி என்று ஆரம்பிப்போம். அறுபதில் முடித்தால் கெட்டிக்காரத்தனம். எழுபதுக்கு மேல் போகக் கூடாது.

ஜமீலாவுக்கு நாற்பது வயதிருக்கும். கடை என்பது எட்டடி அகலத்தில் நைட்டியும் பாவாடையும் ஜாக்கெட் பிட்டும் தொங்குகிற ஒரு சந்து. அவன் யார் என்று சொன்னதும் அவள் முழக்கோலைக் கீழே வைக்கவில்லை. ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு லைனிங் துணி அளந்துகொண்டே, “சொல்லுண்ணா” என்றாள்.

“தங்கச்சி, எனக்கு காயின் போச்சு. உனக்குப் பணம் போச்சு. ரெண்டு பேரையும் ஒரே திருடன்தான் மொட்டை அடிச்சான். ஆளுக்குப் பாதி ஏத்துப்போம். நாப்பத்தி ஆறாயிரத்து ஐந்நூறு.”

“என் வூட்டு ஆட்டை எவனோ திருடினு போய் உனக்கு வித்துட்டான்னு வை. ஆட்டுல பாதி உனக்கு, பாதி எனக்கா?”

“நியாயம்தானம்மா.”

“அப்ப பால் குடுக்கற பாதி என்னுது.”

லைனிங் வாங்க வந்த பெண் சிரித்துவிட்டாள். ஆதிகேசவன் ஐம்பது என்றான். ஜமீலா துணியைக் கிழித்தாள். ஐம்பத்தைந்து என்றான். மடித்தாள். அறுபது, அறுபத்தைந்து. கவரில் போட்டுக் கொடுத்துச் சில்லறை எண்ணினாள். எழுபதைத் தாண்டி எழுபத்தைந்தில் மூச்சு வாங்க நின்றபோது, அவள் ஒரு ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினாள்.

“குந்து. உனக்கு அப்படி இன்னா அவசரம்? நீ பேசறது விக்கற ஆளு பேச்சா இல்ல. பஸ்ஸு கிளம்பிடும்ன்ற ஆளு பேச்சா இருக்குது.”

பயணக் களைப்பா, இரண்டு நாள் தூங்காத மயக்கமா தெரியவில்லை, ஆதிகேசவன் அத்தனையையும் கொட்டிவிட்டான். முடங்கிய பதினான்கு லட்சம், இருபது தோட்டக்காரர்கள், அடுத்த வாரம் பிறக்கப்போகிற ஆடி, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருக்கும் நாகபூஷணம். சொல்லி முடித்த பிறகுதான் தன்னுடைய குடுமியைத் தானே முடிந்து அவள் கையில் கொடுத்துவிட்டது புரிந்தது. அவள் இடத்தில் அவன் இருந்தால் அந்தக் கணமே ஒரு லட்சத்து இருபது கேட்டிருப்பான். வட்டி, மனக் கஷ்டம், ஸ்டேஷனுக்கு அலைந்த ஆட்டோ என்று தலைக்கொரு விலை போட்டிருப்பான். அதைக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும் என்று மனசுக்குள் தயாரானான்.

“தொண்ணூத்தி மூணு” என்றாள் ஜமீலா. “ஒரு ரூபா கொறைய வாணாம், ஒரு ரூபா கூட வாணாம். ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு எடுக்க வெச்சிருந்த பணம்ணா அது. துபாய்ல இருக்கற எங்க வூட்டுக்காரருக்கு இன்னும் சொல்லல. ஆடி உனக்கு மட்டுமா பொறக்குது?”

ஆதிகேசவன் ஸ்டூலிலிருந்து எழுந்தான். பிறகு, “சரிம்மா. தொண்ணூத்தி மூணு” என்றான். உடனே இன்னொன்றும் உறைத்தது. “ஆனா கணக்கு முடங்கிக் கெடக்குது. நீ கையெழுத்துப் போட்டாத்தான் திறக்கும். திறந்தாத்தான் உனக்குக் குடுக்க முடியும். இப்ப கையில ஆறாயிரம்தான் இருக்குது.”

அறிமுகமில்லாத இரண்டு பேர், ஒருவரை ஒருவர் நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் கொடுக்கல் வாங்கல் செய்யத்தான் பெரிய மூளைக்காரர்கள் அந்தக் காயினைக் கண்டுபிடித்தார்களாம். அதை நம்பிப் போனவன் இப்போது நைட்டிகளுக்கு நடுவில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் என்னை நம்பு என்று கேட்டுக்கொண்டு நிற்கிறான். அதுவும் முன்பின் தெரியாதவனை நம்பி மொத்தத்தையும் பறிகொடுத்தவளிடம்.

ஜமீலா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள்.

“எப்படி எழுதணும்னு அந்த மேடம் சொன்னாங்களா?”

“தங்கச்சி...”

“இரு, எழுத வுடு.” எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். ஆதார் நகலை வைத்து மடித்தாள்.

“ஒரு அட்வான்ஸ், ஒரு செக்கு, ஒண்ணும் கேக்காம குடுக்கறியேம்மா. நானும் ஏமாத்திட்டா?”

“அன்னிக்கு போன்ல பேசுனவன் ஒரு தடவ கூட விலை பேசலண்ணா. தொண்ணூத்தி மூணு இருக்குதுன்னேன், அனுப்புன்னான். ஏமாத்தறவனுக்கு எதுக்கு பேரம்? நீ வந்த நேரத்துலருந்து ஆயிரம் ஆயிரமா உசுரைக் குடுத்து ஏறினு வர. குடுக்கப் போறவன்தான் இப்படி அழுவான்.”

ஆதிகேசவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். அன்று சூளூர்பேட்டையில் நல்ல காற்று, வேர்க்க நியாயமே இல்லை. நாற்பத்தெட்டு வயதில் அவன் செய்த வியாபாரங்களில் சரக்கும் கொடுக்காமல், பணமும் கொடுக்காமல், அவன் பேசிய பேரத்துக்காக மட்டுமே கடன் கிடைத்தது இதுதான் முதல் தடவை. ஆறாயிரத்தையாவது வைத்துக்கொள் என்று நீட்டினான். பஸ்ஸுக்கு என்ன செய்வாய் என்று அவள் வாங்கவில்லை.

“ஒண்ணே ஒண்ணு” என்று மட்டும் சொன்னாள். “பேங்குக் கணக்குக்கு அனுப்பாத. அதைப் பாத்தாலே அந்த வீடியோ காலுதான் ஞாபகம் வருது. இதுல அனுப்பு.” போனைத் திறந்து காட்டினாள். பேங்கில் போட்டுக் கொடுத்த டிஜிட்டல் ரூபாய். திரையில் ஐந்நூறு, இருநூறு, நூறு என்று நோட்டு நோட்டாகப் படம் இருந்தது. “நெஜ நோட்டு மாதிரியே வரும். எண்ணிக்கலாம். நம்ம ஊரு காசு.”

உலகம் முழுவதையும் மூடுகிற துண்டைத் தேடிப் போனவன், அரசாங்கத்தின் ஆப்பைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினான்.

ஆடிக்கு மூன்று நாள் இருக்கும்போது பேங்க் கணக்கு திறந்தது. மேனேஜரே போன் செய்தார். மண்டியில் ரேகா பட்டுவாடா விவரத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே நாகபூஷணம், கையில் டம்ளர்.

“முதல்ல யாருக்கு?” என்று ரேகா கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், ஆனால் கண் அவன்மேலேயே இருந்தது.

கடுதாசி போலீஸ் கையில் போய்ச் சேர்ந்துவிட்டது. கணக்கு திறந்துவிட்டது. இனி சூளூர்பேட்டைக்காரி என்ன செய்ய முடியும்? ஆதிகேசவனுக்குள் சந்தையில் வளர்ந்த ஒருவன் இதைச் சொன்னான். எழுபதை அனுப்பு, மிச்சத்தைத் தவணையில் பார்க்கலாம் என்றும் சொன்னான். ஆதிகேசவன் அவனைக் கொஞ்ச நேரம் பேசவிட்டான், பழகிய ஆள் ஆயிற்றே. பிறகு போனை எடுத்தான்.

“மாமா, உனக்கு முன்னால ஒருத்தருக்குக் குடுக்கணும். கோச்சுக்காத.”

“யாரு அது, எனக்கு முன்னால?”

“நம்ம மண்டியை இந்த வருசம் காப்பாத்துன அம்மா.”

நாகபூஷணம் டம்ளரைக் கீழே வைத்தார். “அப்ப குடு. நானென்ன ரயிலுக்கா போறேன்?”

ஆப்பில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருந்தது. அன்று ஐம்பதாயிரம் போனது. மறுநாள் காலையில் மிச்சம் நாற்பத்து மூவாயிரம். ஒவ்வொரு நோட்டாக எழும்பித் திரையைவிட்டுப் பறப்பதை ஆதிகேசவன் பார்த்தான். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்றிருந்தது. சரியான இடத்துக்குப் போகிற பணத்தை நாலு பேர் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

போன் வந்தது. “அண்ணா, ரெண்டு தடவ எண்ணிட்டேன். நூத்தி எண்பத்தாறு ஐந்நூறு. சரியா இருக்குது.” ஆதிகேசவன், “நல்லாரும்மா” என்றான். விலை பேச ஆயிரம் வார்த்தை வைத்திருக்கிற இரண்டு பேர், அதோடு போனை வைத்தார்கள்.

ஆடி பிறப்பதற்கு முதல் நாள் இருபது பேருக்கும் பட்டுவாடா முடிந்தது. மண்டியைக் கழுவிவிட்டார்கள். அந்த வாரமே ஆதிகேசவன் சித்தூரில் ஆடிட்டரிடம் போய், காயின் விற்ற கதையைச் சொல்லி, வரியைக் கட்டினான். பணமே கையில் நிற்காத விற்பனைக்கு வரியா என்று ஆடிட்டரே கொஞ்சம் யோசித்தார், வரி ஆபீசில் கேட்டுப் பார்க்கலாமே என்றார். வேண்டாம் சார், கட்டிவிடுங்கள் என்றான். ஆடிட்டர் அவனை உடம்புக்கு ஏதும் இல்லையே என்று விசாரித்தார்.

ஒரு பெட்டி நீலம் மாம்பழத்தைப் பொறுக்கி, வைக்கோல் வைத்துக் கட்டி, சூளூர்பேட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டான். சாயங்காலம் ஜமீலா கூப்பிட்டாள்.

“பழம் எவ்ளோண்ணா?”

“உனக்கு எதுக்கும்மா விலை? புள்ளைங்க துன்னட்டும்.”

“ஓசியில துன்னா செரிக்காது. சொல்லு.”

“இருநூறு வெச்சுக்கோ.”

“இந்தப் பழம் இங்க அறுநூறு. என்னை இன்னா ஒண்ணும் தெரியாதவள்னு நெனச்சியா? ஐந்நூறு.”

“இருநூத்தி ஐம்பது. அதுக்கு மேல ஒரு பைசா வாங்க மாட்டேன்.”

விற்கிறவன் இறக்கிக்கொண்டும், வாங்குகிறவள் ஏற்றிக்கொண்டும் கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட ரேகா தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் பழம் நானூறு, பஸ் கூலி அறுபது என்று முடிந்தது. அடுத்த வாரம் அதே பஸ்ஸில் ரேகாவுக்கு இரண்டு நைட்டி வந்தது, ஒன்று இருநூற்று முப்பத்தைந்து என்று துண்டுச் சீட்டோடு.

பழத்தையும் நைட்டியையும் கழித்து வந்த பாக்கியை அனுப்பிவிடலாம் என்று ஆதிகேசவன் போனை எடுத்தான். ரேகா பிடுங்கி வைத்தாள்.

“நல்ல பார்ட்டி கணக்கை எவனாவது சைபர் ஆக்குவானா? சைபர் ஆச்சுன்னா உறவு முடிஞ்சுதுன்னு அர்த்தம். இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு, மண்டிக் கணக்கில் புதுப் பக்கம் திருப்பி எழுதினாள்:

ஜமீலா, சூளூர்பேட்டை. வரவு: நைட்டி இரண்டு, ரூபாய் நானூற்று எழுபது. பற்று: நீலம் ஒரு பெட்டி, பஸ் கூலி சேர்த்து, ரூபாய் நானூற்று அறுபது. நாம் கொடுக்க வேண்டிய பாக்கி, ரூபாய் பத்து.